மாரடைப்புக்குப் பிறகு வரும் மனச்சோர்வு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற இதழில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கான உணவு முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் பலர் உணவைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை; வீட்டில் இருக்கும் நோயாளியின் மனநிலையைப் பற்றியே கேட்டிருந்தார்கள். ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 53. சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ நன்றாக இருக்கிறது, கடைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவர் போவதில்லை. காலையில் குளித்துவிட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தால் மதியம் வரை அப்படியே இருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறார். பேரன் வந்தால்கூட முகத்தில் மலர்ச்சி இல்லை. போன புதன்கிழமை மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். காலியாகியிருக்க வேண்டிய அட்டையில் நான்கு மாத்திரைகள் அப்படியே இருந்தன. கேட்டால் மறந்துவிட்டேன் என்கிறார். பத்து வருடத்துக் கடன் பாக்கியை நோட்டைப் பார்க்காமல் சொல்லும் மனிதர் அவர். உறவினர்கள், "உயிர் பிழைத்து வந்தாரே, அதுவே பெரிது, போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். சரியாகிவிடுமா?
வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, நீங்கள் எண்ணிப் பார்த்த அந்த நான்கு மாத்திரைகள்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தின. புதிதாக ஸ்டென்ட் வைத்த ஒருவர் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை விட்டு விட்டு எடுத்தால், ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அவர் மறந்துவிடவில்லை என்பதை நீங்களே உணர்ந்திருக்கிறீர்கள். மாத்திரை போடுவதில் ஒரு பொருள் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை என்பதே என் கணிப்பு. இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பேச்சில் "மன அழுத்தம்" என்ற சொல்லை இரண்டு வேறு பொருள்களில் பயன்படுத்திவிடுகிறோம். கடன், வேலை, குடும்பப் பிரச்சினை ஆகியவற்றால் வரும் நெருக்கடி மன அழுத்தம். அந்தப் பிரச்சினை தீர்ந்தால் அதுவும் தளர்ந்துவிடும். டிப்ரஷன் என்று மருத்துவர்கள் சொல்வது மனச்சோர்வு நோய். பிரச்சினை தீர்ந்த பிறகும், எக்கோ நன்றாக வந்த பிறகும், கடை திறந்திருக்கும்போதும், அது ஆளைவிட்டு அகலாது. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முழுமையான மனச்சோர்வு நோய் உண்டாகிறது. அவ்வளவு தீவிரமில்லாத சோர்வு இன்னும் பலருக்கு இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில நாள்களில் பயமும் கண்ணீரும் இயல்பானவை. இரண்டு வாரங்களைத் தாண்டியும் அன்றாடம் நாளின் பெரும்பகுதி அப்படியே கழிந்தால் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் கணவருக்கு நான்கு மாதங்கள் ஆகிவிட்டன.

இதைக் கண்டறிய இதய மருத்துவர்கள் முதலில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில், வழக்கமாகச் செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் தளர்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? இவற்றுக்கு "ஆம், பெரும்பாலான நாள்களில்" என்ற வகையில் பதில் வந்தால், தூக்கம், பசி, கவனம், குற்ற உணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றையும் சேர்த்து ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். இதய நோயாளிகள் எல்லோரிடமும் இவற்றைக் கேட்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-இலேயே அறிவுறுத்தியது. ஆனால் நடைமுறையில் நாங்கள் கேட்பது "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்விதான். நோயாளி "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார். அவருக்குப் பின்னால் நிற்கும் மனைவி, கணவருக்குத் தெரியாமல், இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலைப் பல ஆண்டுகள் நான் கவனிக்காமலே மருந்துச்சீட்டு எழுதியிருக்கிறேன் என்பதை இங்கே வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன். இப்போது உடன் வந்தவரிடம் தனியாகப் பேசாமல் எந்த நோயாளியையும் அனுப்புவதில்லை.

கனடாவின் மான்ட்ரியல் இதய நிலையத்தில், மாரடைப்பு வந்து சேர்ந்த 222 பேரை மருத்துவமனையில் இருக்கும்போதே மனநலப் பரிசோதனை செய்து, ஆறு மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 1993-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. 222 பேரில் 35 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. இதயத் தசையின் பாதிப்பையும் முன்பு வந்த மாரடைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அந்த 35 பேருக்கு இறப்பு அபாயம் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. அது சிறிய ஆய்வு என்பதால் அந்த மடங்கை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் அபாயம் இதைவிடக் குறைவாகவே காணப்பட்டது. ஆனால் அபாயம் இருக்கிறது என்பது மாறவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், உலகின் மற்ற பகுதி மக்களுக்கு ஏறத்தாழ 59 வயதில் வருகிறது என்றும் பல நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2007-இல் காட்டியது. உங்கள் கணவரின் வயதும் அதுவே. நம் ஊரில் அந்த வயது, மகள் திருமணமும் கடையின் கடனும் ஒரே தோளில் இருக்கும் வயது. இரும்புச் சாமான் மூட்டையைத் தூக்கி இறக்கிய கை, தண்ணீர்க் குடத்தைத் தூக்கவும் அனுமதி கேட்க வேண்டியிருப்பது ஒரு மனிதரை எவ்வளவு சுருக்கிவிடும் என்பதை அருகில் இருப்பவர்களே முழுமையாக அறிவதில்லை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாத்திரைகளை இன்று முதல் நீங்களே எடுத்துக் கையில் கொடுங்கள். அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டு நகருங்கள். இந்த வாரமே அவரை இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எனக்கு எழுதியதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, இதயத் தளர்ச்சி, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் ஆகியவையும் இதே போன்ற அசதியைத் தரும் என்பதால், அவற்றையும் பார்த்த பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்புவார். பணம் ஒரு தடையாக இருந்தால், அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் மருந்துகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. "தைரியமாக இரு" என்று சொல்ல வேண்டாம் என உறவினர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர் காதில் "நீ கோழை" என்றே விழும்.

இன்னொன்றையும் தயங்காமல் கேட்டுவிடுங்கள். "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்பது போன்ற பேச்சு வந்தால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும், தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். இதயம் என்பது இரத்தத்தை இறைக்கும் ஒரு பம்பு என்றே முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். மனம் தளர்ந்தால் பம்பு எப்படிப் பழுதாகும்? அறிவியல்படி விளக்க முடியுமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐயா, இரத்தம் உடல் முழுவதும் சுற்றி வருகிறது என்பதை நிறுவிய வில்லியம் ஹார்வியே, 1628-இல் வெளிவந்த அதே நூலில், துன்பமும் இன்பமும் நம்பிக்கையும் அச்சமும் இதயம் வரை எட்டுகின்றன என்று எழுதிவைத்தார். பம்பு என்ற உங்கள் பாடம் தவறில்லை. ஆனால் அந்தப் பம்பின் வேகத்தை நொடிக்கு நொடி மாற்றும் கம்பிகள் மூளையிலிருந்து வருகின்றன.

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்று விரைவாகும். நிதானமாக விடுங்கள், துடிப்பு சற்றே தாமதிக்கும். வயது கூடக் கூட இந்த வேறுபாடு குறையும் என்பதால் உங்கள் பேரனின் கையில் தெளிவாகத் தெரியும். வேகஸ் என்ற நரம்பு கடிவாளம் போலப் பிடித்தும் விட்டும் இயக்குவதால் உண்டாகும் ஏற்ற இறக்கம் இது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த நெகிழ்ச்சி குறைந்து, துடிப்பு கடிகாரம் போல ஒரே சீராகிவிடுவதைக் காண்கிறோம். சீரான துடிப்பு நல்லதுதானே என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது: மாரடைப்புக்குப் பின் இந்த ஏற்ற இறக்கம் மிகவும் குறைந்தவர்களுக்கு இறப்பு அபாயம் அதிகம் என்பது 1980-களிலிருந்தே அறியப்பட்டது.

இரண்டாவது, இரத்தத் தட்டணுக்கள். மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் தட்டணுக்களும் தமக்குள் சேமித்து வைத்திருக்கின்றன. மனச்சோர்வு உள்ளவர்களிடம் தட்டணுக்கள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தன்மை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அதோடு கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பின் ஒழுங்கு கெடுவதால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இடுப்புக் கொழுப்பும் ஏறுகின்றன. சி-ரியாக்டிவ் புரதம் போன்ற அழற்சிக் குறிகள் உயர்கின்றன. அழற்சிதான் தமனியின் உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டை வெடிக்கவைக்கிறது.

இவ்வளவும் உண்மையென்றாலும், நான் அதிக எடை கொடுப்பது இவற்றுக்கு அல்ல. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1,017 இதய நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மாரடைப்பும் இதயத் தளர்ச்சியும் கூடுதலாக வந்தன. ஆனால் உடலுழைப்புக் குறைவு, புகைபிடித்தல், மாத்திரையைத் தவறவிடுதல் ஆகியவற்றைக் கணக்கிலிருந்து பிரித்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோனது. குறிப்பாக, அசையாமல் உட்கார்ந்திருப்பதே முதன்மைக் காரணமாகத் தெரிந்தது. காரைக்குடி அம்மா எழுதிய அந்த முன்னறை நாற்காலியையும் மாத்திரை அட்டையையும் இங்கே நினைத்துப் பாருங்கள். மனம் இதயத்தைத் தாக்கும் வழிகளில் பெரியது, நம் கண்ணெதிரே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்த என் அப்பாவுக்கு (67) மனநல மருத்துவர் செர்ட்ரலின் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏற்கெனவே ஒன்பது மாத்திரைகள் போடுகிறார். இது தூக்க மாத்திரையா? இதயத்துக்குக் கெடுதலா? பழக்கமாகிவிடுமா?
வாசகர், சென்னை

பதில்: இது மனச்சோர்வைக் குறைக்கும் மருந்து; தூக்க மாத்திரை அன்று, போதைக்கு அடிமையாக்கும் மருந்தும் அன்று. மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்து, மனச்சோர்வும் இருந்த 369 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் செர்ட்ரலினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2002-இல் வெளியானது; இதயத்தின் இறைக்கும் திறனையோ துடிப்பின் ஒழுங்கையோ அந்த மருந்து கெடுக்கவில்லை. இதய நோயாளிகளுக்கு நாங்கள் பெரும்பாலும் இதையே முதலில் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அந்தச் சோதனைதான். அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மனச்சோர்வு மருந்துகள் துடிப்பைத் தடுமாறச் செய்யக்கூடியவை என்பதால், மாரடைப்பு வந்தவர்களுக்கு அவற்றைத் தவிர்க்கிறோம். செர்ட்ரலின் வகையையே சேர்ந்த எஸ்சிட்டலோபிராம் கொடுப்பதாக இருந்தால் இ.சி.ஜி. பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெலுடன் இந்த வகை மாத்திரையும் சேரும்போது இரத்தக் கசிவுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. மலம் கருப்பாகப் போனாலோ, பல் ஈறில் இரத்தம் வந்தாலோ, காரணமின்றித் தோலில் நீலத் திட்டுகள் தோன்றினாலோ உடனே சொல்லுங்கள். வயிற்றைக் காக்கும் மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஒன்பது மாத்திரைகளின் சீட்டையும் மனநல மருத்துவரிடமும், அவர் எழுதிய சீட்டை இதய மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் இருக்கலாம். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றும்போதும் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

கேள்வி: மெட்டோபிரலால் போடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மனம் சோர்ந்து போனது. அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?
வாசகர், திருவண்ணாமலை

பதில்: நிறுத்தக் கூடாது. மெட்டோபிரலால் போன்ற, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் மனச்சோர்வைத் தருகின்றன என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே நெடுங்காலம் இருந்தது. பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அசதியும் தூக்கக் கலக்கமும் சிலருக்கு வரலாம். இந்த மாத்திரையைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி திரும்பவும் வரக்கூடும். உங்கள் சோர்வு மாரடைப்பால் வந்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் சொல்லி, அதற்கான சிகிச்சையைக் கேளுங்கள்.

கேள்வி: அப்பா இறந்த மூன்றாம் நாள் அம்மாவுக்கு (64) கடுமையான நெஞ்சுவலி. இ.சி.ஜி. மாரடைப்பு என்றது. ஆஞ்சியோ செய்தபோது அடைப்பே இல்லை என்றார்கள். "துக்கத்தால் வந்தது" என்றார் டாக்டர். துக்கத்தால் இப்படியெல்லாம் வருமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். மருத்துவர் சொன்னது உங்களைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல் அன்று. இந்த நோயை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். பேரதிர்ச்சியில் பெருகும் அட்ரினலின் வகைச் சுரப்புகள் இதயத் தசையைச் சில நாள்களுக்கு முடக்கிவிடுகின்றன என்று கருதப்படுகிறது. இடது கீழறையின் நுனி பலூன் போல உப்பி, கழுத்து மட்டும் குறுகி நிற்கும். ஜப்பானில் பேய்க்கணவாய் பிடிக்கக் கடலுக்குள் இறக்கும் பானையின் வடிவம் அது. அந்தப் பானையின் பெயரான டக்கோட்சுபோ என்பதையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் முதல் நாள்களில் ஆபத்து உண்டு என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பு அவசியம். மறுபடி எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நோய் வராதவர்களுக்கும் இழப்பின் தொடக்க மாதங்கள் கடுமையானவை. மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பற்றிய பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1969-இல் வெளியானது. முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு, எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது, அதில் பெரும்பங்கு இதய நோயால். நம் வழக்கத்தில் பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள்கள் இருப்பார்கள். பதினேழாம் நாள் பந்தலும் பிரித்துவிடுவார்கள், உறவினரும் ஊர் திரும்பிவிடுவார்கள். நான் கவலைப்படுவது அந்தப் பதினேழாம் நாளுக்குப் பிறகு உள்ள காலத்தைப் பற்றியே. அம்மா சாப்பிட்டாரா, பிரஷர் மாத்திரை போட்டாரா, தூங்கினாரா என்பதை ஓர் ஆறு மாதத்துக்காவது யாராவது ஒருவர் அருகிலிருந்து கவனிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது. ஆறு ஆண்டுகளாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுகிறேன். எனக்கும் மாரடைப்பு வந்துவிடுமா?
வாசகி, திருச்சி

பதில்: மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. உங்கள் வயதில் அந்த வாய்ப்பு தொடக்கத்திலேயே மிகக் குறைவு என்பதால், ஒன்றரை மடங்கும் குறைவுதான். அஞ்ச வேண்டாம். சிகிச்சையைத் தொடருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மனநல மருந்துகள் சில எடையைக் கூட்டும் என்பதால் எடையையும் குறித்துவையுங்கள்.

கேள்வி: நான் மாரடைப்பு வந்து மீண்டவன். மனச்சோர்வுக்கும் மாத்திரை எடுக்கிறேன். மனச்சோர்வு குணமானால் இரண்டாவது மாரடைப்பு வராது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: உறுதியாகச் சொல்ல முடியாது. இதை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிட வேண்டியது என் கடமை. அமெரிக்காவில் 2,481 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து, 2003-இல் வெளியான பெரிய சோதனையில், மனநலச் சிகிச்சை பெற்றவர்களின் மனச்சோர்வு குறைந்தது. ஆனால் இறப்பும் மறு மாரடைப்பும் குறையவில்லை. தென் கொரியாவில் 300 பேருக்கு ஆறு மாதம் எஸ்சிட்டலோபிராம் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2018-இல் வேறு முடிவைத் தந்தது: மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கும் இறப்போ பெரிய இதயப் பாதிப்போ நேர்ந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான்; ஆனால் ஒரே மருத்துவமனையில் நடந்த ஒரே ஆய்வு.

அப்படியானால் ஏன் சிகிச்சை என்று கேட்பீர்கள். இதயத்துக்காக மட்டுமே மனத்துக்கு மருந்து கொடுப்பது என்ற எண்ணமே எனக்கு ஏற்புடையதன்று. காலையில் கண் விழிப்பதே பாரமாக இருக்கும் நிலை ஒரு நோய். அதைத் தீர்ப்பதற்கு அந்த வேதனை ஒன்றே போதுமான காரணம்.

இரண்டுக்கும் சேர்த்து உதவும் ஒன்று, நடை. 2012-இல் வெளியான ஒரு சோதனையில், மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த இதய நோயாளிகளிடம் மேற்பார்வையோடு கூடிய உடற்பயிற்சி, செர்ட்ரலினுக்கு இணையாகச் சோர்வைக் குறைத்தது. மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பயிற்சி மையங்கள் நம்முடைய சிறு நகரங்கள் பலவற்றில் இல்லை. ஆகவே உங்கள் மருத்துவரின் ஒப்புதலோடு நீங்களே தொடங்க வேண்டியிருக்கும். வெயில் ஏறுவதற்கு முன், சமமான தெருவில், பத்து நிமிடம் போதும். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். வாரத்துக்கு ஓரிரு நிமிடங்கள் கூட்டுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். மனச்சோர்வில் இருப்பவருக்குக் கடினமானது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும் அந்த முதல் நிமிடம்தான். அந்த நேரத்துக்கு வாசலில் வந்து கூப்பிடும் நண்பர் ஒருவரை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.